கோலைத் திருப்பியது ஈர்ப்பா, மின்சாரமா?

மரக்கோலின் இரு முனையிலும் சிறிய ஈயக் குண்டுகளைக் கட்டி, அதை நைலான் இழையில் தொங்கவிட்டு, அருகே ஐந்து கிலோ ஈயக் கட்டிகளை வைத்திருக்கிறீர்கள். கோல் மெல்லத் திரும்பியிருக்கிறது. உங்கள் நண்பர், “அது ஈர்ப்பு இல்லை, வெறும் நிலைமின்சாரம்” என்று சொல்லிவிட்டார். உடனே எல்லாவற்றையும் அலுமினியத் தாளால் சுற்றிவிட்டு, இது போதுமா, பெரிய ஆய்வகங்களில் இதை எப்படி உறுதி செய்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். தாள் போதுமா என்பது மேலே தெரியும் கேள்வி. அதற்கு அடியில் இருப்பது இன்னும் பெரியது. கண்ணுக்குத் தெரியாத இரண்டு விசைகளில் எது வேண்டுமானாலும் கோலைத் திருப்பியிருக்கலாம் என்னும்போது, திருப்பியது எது என்று எப்படிச் சொல்வது? நான் அதற்குத்தான் பதில் எழுதுகிறேன். தாளைப் பற்றிய பதில் இடையில் தானாக வந்துவிடும்.

என் அனுபவத்தின் எல்லையை முதலில் சொல்லிவிடுகிறேன். பட்டப்படிப்பு மாணவர்களின் இயற்பியல் ஆய்வகத்தில் முறுக்குத் தராசை, அதாவது உங்களுடையதைப் போல இழையில் தொங்கும் கோலை, பல ஆண்டுகள் பராமரித்தவன் நான். ஈர்ப்பின் வலிமையைக் குறிக்கும் எண்ணான ஈர்ப்பு மாறிலியைச் சில விழுக்காடு துல்லியத்தில் எடுப்பதே எங்கள் அளவில் பெரிய காரியம். பத்து லட்சத்தில் பத்துப் பங்கு, இருபது பங்கு என்று உழைக்கும் ஆய்வகங்களில் நான் வேலை செய்ததில்லை. அவற்றைப் பற்றி இங்கே எழுதுவதெல்லாம் அவர்களுடைய கட்டுரைகளைப் படித்து அறிந்தவை.

உங்கள் நண்பரின் சந்தேகம் நியாயமானது. எவ்வளவு நியாயமானது என்பதை ஒரு சிறு கணக்கு காட்டும். தலா ஒரு கிலோ எடையுள்ள இரண்டு ஈய உருண்டைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றின் ஆரமும் சுமார் 2.8 சென்டிமீட்டர். மையத்திலிருந்து மையத்துக்குப் பத்து சென்டிமீட்டர் இருக்கும்போது இவற்றுக்கு இடையிலான ஈர்ப்பு விசை 6.7 நானோநியூட்டன். ஒரு மைக்ரோகிராம் தூசியின் எடையைவிடக் குறைவு. இதே அளவு மின்விசை உண்டாக ஒவ்வோர் உருண்டையிலும் எவ்வளவு மின்னூட்டம் இருக்க வேண்டும்? சுமார் 86 பைகோகூலும். ஏறத்தாழ 54 கோடி எலக்ட்ரான்கள். பெரிய எண்ணாகத் தோன்றும். ஆனால் அந்த உருண்டையின் மின்தேக்குத்திறன், அதாவது ஒரு வோல்ட்டுக்கு அது ஏற்கும் மின்னூட்டம், வெறும் 3 பைகோஃபாரட்தான். ஆகவே 54 கோடி எலக்ட்ரான்கள் என்பது 28 வோல்ட் மட்டுமே. மூன்று 9 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்தால் கிட்டத்தட்ட அவ்வளவு வந்துவிடும். உலர்ந்த நாளில் தரைவிரிப்பில் நடந்து வந்த மனிதரின் உடலில் சில ஆயிரம் வோல்ட் ஏறியிருக்கும். உருண்டைகளில் ஆயிரம் வோல்ட் இருந்தால், மின்விசை ஈர்ப்பைப் போல ஆயிரம் மடங்குக்கும் மேல். வோல்ட் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும் என்பதால்தான் இந்தப் பாய்ச்சல்.

இதே கணக்கை மறுபக்கத்திலிருந்தும் பாருங்கள். மின்விசை ஈர்ப்பில் நூற்றில் ஒரு பங்குக்குள் அடங்க வேண்டுமானால் உருண்டைகளில் 2.8 வோல்ட்டுக்கு மேல் இருக்கக்கூடாது. பத்து லட்சத்தில் பத்துப் பங்கு என்றால் 0.09 வோல்ட். இரண்டு வெவ்வேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டாலே அவற்றின் மேற்பரப்புகளுக்கு இடையே 0.1 வோல்ட்டிலிருந்து ஒரு வோல்ட்வரை வேறுபாடு வந்துவிடும். யாரும் தேய்க்கவும் வேண்டாம், பேட்டரியும் வேண்டாம். வீட்டில் செய்யும் சோதனையில் 28 வோல்ட்டைத் துரத்துகிறோம். துல்லிய ஆய்வகம் துரத்துவது உலோகத்தின் இயல்பிலேயே இருக்கும் இந்தச் சிறு வோல்ட்டை. இரண்டும் வேறு வேறு போர்க்களங்கள்.

இங்கே ஒரு தவறான வாதத்தை அப்புறப்படுத்த வேண்டும், ஏனென்றால் மாணவர்களில் பாதிப் பேர் இதைத்தான் சொல்வார்கள். “இரண்டு குண்டும் ஒரே பொருள், மின்னூட்டம் ஏறினாலும் ஒரே வகையாகத்தான் ஏறும், அப்படியானால் விலக்கும், என் கோலோ கட்டியை நோக்கித் திரும்பியது, ஆகவே ஈர்ப்புதான்.” இது நிற்காது. மின்னூட்டம் ஏறிய பொருள், அருகிலிருக்கும் நடுநிலையான கடத்தியில் எதிர்வகை மின்னூட்டத்தைத் தன் பக்கமாகத் தூண்டி இழுத்துக்கொள்ளும். சீப்பைத் தலையில் தேய்த்து, குழாயிலிருந்து மெல்லிதாக விழும் நீரின் அருகே கொண்டுபோனால் நீர் சீப்பை நோக்கி வளைவதைப் பார்த்திருப்பீர்கள். நீரை யாரும் மின்னேற்றவில்லை. ஒரு பக்கம் மட்டும் மின்னூட்டம் இருந்தாலே போதும், விளைவு எப்போதும் இழுப்புதான். ஈர்ப்பின் வேடத்தை இவ்வளவு கச்சிதமாகப் போடும் விசை வேறில்லை. ஒரு சிறு வித்தியாசம் மட்டும் உதவும். தூரத்தை இரட்டித்தால் ஈர்ப்பு நான்கில் ஒரு பங்காகும். இப்படித் தூண்டப்பட்ட மின்விசை எட்டில் ஒரு பங்காகவோ அதற்கும் கீழாகவோ சரிந்துவிடும். உங்கள் கட்டிகளைத் தள்ளித் தள்ளி வைத்துப் பார்க்க முடிந்தால் இது ஒரு தடயம். நிரூபணம் என்று சொல்லமாட்டேன், கைக்கருவியில் தூரத்தை அவ்வளவு நம்பிக்கையோடு மாற்ற முடிவதில்லை.

நானே ஏமாந்த ஒரு நாளைச் சொல்கிறேன். எங்கள் ஆய்வகத் தராசில் கோல் இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே ஆடும், வெளியே ஒன்றரைக் கிலோ ஈய உருண்டைகள். மறுநாள் மாணவர்கள் வரப்போகிறார்களே என்று மாலையில் கண்ணாடியை உலர்ந்த பருத்தித் துணியால் நன்றாகத் துடைத்து வைத்தேன். காலையில் வந்தால் கோல் ஒரு பக்கக் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு நின்றது. தட்டினேன், அசையவில்லை. இழை முறுக்கேறிவிட்டது என்று நினைத்து மேல் திருகைத் திருப்பினேன், விட்டுவிட்டு மீண்டும் போய் அதே இடத்தில் ஒட்டியது. குளிரூட்டிய அறை, காற்று வறண்டிருந்தது. பிறகுதான் துணி நினைவுக்கு வந்தது. கண்ணாடியின் அருகே குனிந்து வாயால் ஊதினேன். மூச்சின் ஈரம் வெள்ளையாகப் படர்ந்தது. அது மறைவதற்குள் கோல் விடுபட்டு ஆடத் தொடங்கிவிட்டது. மெல்லிய ஈரப்படலம் ஒன்று மின்னூட்டத்தை வடித்துவிட்டது. அன்றிலிருந்து துடைப்பதாக இருந்தால் சற்று ஈரமான துணி, துடைத்தபின் குறைந்தது ஓர் இரவு ஓய்வு என்று வைத்துக்கொண்டேன். ஈயக் குண்டு, இழை, லேசர் என்று முக்கியமானவற்றின் மேலேயே கண் இருக்கும்போது, குற்றவாளி அளவீட்டில் பங்கே இல்லாத ஒரு கண்ணாடித் தகட்டில் உட்கார்ந்திருந்தது.

இப்போது உங்கள் அலுமினியத் தாளுக்கு வருகிறேன். திரை போடுவது சரியான எண்ணம். உலோகத்தால் முழுதாக மூடி, எர்த்தோடு இணைத்த கூண்டுக்குள், வெளியே அசையாமல் நிற்கும் மின்னூட்டத்தின் புலம் நுழையாது. இது உறுதி. ஆனால் இந்த வாக்கியத்தில் மூன்று நிபந்தனைகள் ஒளிந்திருக்கின்றன. முதலாவது, திரை இருக்க வேண்டிய இடம் தொங்கும் குண்டுக்கும் பெரிய கட்டிக்கும் நடுவே. இரண்டையும் சேர்த்து வெளியே ஒரு பெரிய கூண்டு கட்டினால் அறையிலிருந்து வரும் தொல்லை போகும், கட்டியிலிருந்து வரும் தொல்லை கூண்டுக்குள்ளேயே இருக்கும். இரண்டாவது, திரையின் எல்லாத் துண்டுகளும் ஒன்றோடொன்று உண்மையிலேயே மின்தொடர்பில் இருக்க வேண்டும். அலுமினியத்தின் மேல் இயல்பாகவே ஆக்சைடு படலம் உண்டு, அது மின்சாரத்தைக் கடத்தாது. ஒட்டு டேப்பின் பசையும் கடத்தாது. டேப்பை உருளையிலிருந்து உரிக்கும் செயலே மின்னூட்டத்தை உண்டாக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒருமுறை எங்கள் கருவியின் பெட்டிக்கு எர்த் கம்பி இணைத்து, இரண்டு வாரம் நிம்மதியாக அளவெடுத்தோம். பிறகு ஒரு மாணவி மல்ட்டிமீட்டரை வைத்துப் பார்த்தாள். பெட்டிக்கும் எர்த்துக்கும் இடையே தொடர்பே இல்லை. திருகு வண்ணப்பூச்சின் மேல் உட்கார்ந்திருந்தது. பிளேடால் பூச்சைச் சுரண்டியதும் எண் ஓர் ஓமுக்குக் கீழே இறங்கியது. அந்த இரண்டு வார அளவீடுகளைத் தூக்கிப் போட்டோம். நீங்களும் தாளின் ஒவ்வொரு துண்டிலும் முனையை வைத்துப் பாருங்கள்.

மூன்றாவது நிபந்தனைதான் உங்கள் அமைப்பில் இப்போது உடைந்திருக்கிறது. கூண்டு வெளியிலிருந்து வருவதைத் தடுக்கும், உள்ளே ஏற்கெனவே இருப்பதை ஒன்றும் செய்யாது. உங்கள் குண்டுகள் மரக்கோலில், கோல் நைலான் இழையில். மூன்றிலும் மின்னூட்டம் வடிந்து போக வழியில்லை. கட்டும்போது உங்கள் விரலிலிருந்து ஏறிய மின்னூட்டம் மணிக்கணக்கில், வறண்ட காற்றில் இன்னும் நீண்ட நேரம், அங்கேயே நிற்கும். அப்படி மின்னேறிய குண்டு, எர்த் செய்த திரையைத் தானே போய் இழுக்கும். ஆகவே நைலானை எடுத்துவிடுங்கள். மெல்லிய டங்ஸ்டன் கம்பி கிடைத்தால் மிக நல்லது. 50 மைக்ரோமீட்டர் தடிமனுள்ள கம்பி நூறு கிராமைத் தாராளமாகத் தாங்கும், உங்கள் கட்டிகளின் ஈர்ப்புக்குக் கண்ணால் காணும் அளவு திரும்பவும் செய்யும். கோலின் நெடுகே ஒரு வெறும் செம்புக் கம்பியைச் சுற்றி, இரு குண்டுகளையும் தொங்கும் கம்பியோடு இணையுங்கள். கம்பியின் மேல்முனை எர்த்தில் இருக்கட்டும். நைலானைக் கைவிட இன்னொரு காரணமும் உண்டு: அது எடையைத் தாங்கித் தாங்கி மெல்ல முறுக்கவிழும், ஈரப்பதம் மாறினால் திரும்பும். கோல் நகர்வதற்கு அதுவே போதும்.

இதுவரை சொன்னது தொல்லையைக் குறைக்கும் வழி. குறைத்துவிட்டோம் என்பதற்கு என்ன சாட்சி? “எல்லாவற்றையும் சுற்றிவிட்டேன், எர்த் செய்துவிட்டேன், ஆகவே இல்லை” என்பது சாட்சி ஆகாது. ஒன்று இல்லை என்பதை நேரடியாகக் காட்ட முடியாது. முடிவது வேறு: அந்தத் தொல்லையை வேண்டுமென்றே பல மடங்கு பெரிதாக்கி உள்ளே விட்டு, கோல் எவ்வளவு அசைகிறது என்று அளந்து, பிறகு இயல்பாக இருக்கக்கூடிய அளவுக்குக் கணக்கில் சுருக்குவது. ஈர்ப்பை அளப்பவர்களின் வேலையில் நான் மிகவும் மதிக்கும் பழக்கம் இதுதான். இது இந்தத் துறையின் பிறப்பிலேயே இருந்தது.

1797, 1798 ஆண்டுகளில் லண்டனில் ஹென்றி கேவண்டிஷ் இந்தச் சோதனையைச் செய்தார். கருவியைத் திட்டமிட்டவர் ஜான் மிச்செல், அவர் முடிக்காமல் இறந்துபோனார். பெரிய ஈய உருண்டைகள் ஒவ்வொன்றும் சுமார் 158 கிலோ, சிறியவை சுமார் 730 கிராம். பெரிய உருண்டைகளைத் தாங்கிய கம்பிகள் இரும்பு. காந்தம் இதில் புகுந்திருக்குமோ என்று அவருக்குச் சந்தேகம். இரும்பை எடுத்துவிட்டுச் செம்புக் கம்பிகளைப் போட்டார். அத்தோடு நிற்கவில்லை. ஈய உருண்டைகளையே எடுத்துவிட்டு, அந்த இடத்தில் காந்தங்களை வைத்துக் கோல் என்ன செய்கிறது என்று பார்த்தார். வெப்பத்தின் மேல் சந்தேகம் வந்தபோது உருண்டைகளை விளக்கால் சூடாக்கிப் பார்த்தார். சூடு காற்றோட்டத்தை உண்டாக்கிக் கோலை நகர்த்துவதை அப்படித்தான் பிடித்தார். கருவியை அறைக்குள் பூட்டிவிட்டு, வெளியே நின்று தொலைநோக்கி வழியாகப் பார்த்து எழுதினார். பூமியின் சராசரி அடர்த்தி நீரைப் போல 5.48 மடங்கு என்று வெளியிட்டார். இன்றைய மதிப்பு 5.51. அவருடைய கட்டுரையில் பெரும்பகுதி ஈர்ப்பைப் பற்றியதாக இல்லை, ஈர்ப்பு அல்லாதவற்றைப் பற்றியதாகவே இருக்கிறது. எத்தனை முறை படித்தாலும் அந்தப் பொறுமை என்னை நிறுத்திவைக்கிறது.

அவர் காந்தத்துக்குச் செய்ததை நீங்கள் மின்சாரத்துக்குச் செய்யலாம். பெரிய கட்டியைக் கண்ணாடிக் கிண்ணத்தின் மேல் வைத்துத் தரையிலிருந்து பிரியுங்கள். பத்து 9 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்தால் 90 வோல்ட். நடுவே ஒரு மெகாஓம் மின்தடையை அவசியம் போடுங்கள், கை பட்டாலும் ஆபத்தில்லாமல் இருக்கும். பேட்டரித் தொடரின் ஒரு முனை எர்த்தில், மறு முனை கட்டியில். முதலில் திரையை எடுத்துவிட்டு 9, 18, 27 வோல்ட் என்று ஏற்றிக் கோலின் இடத்தைக் குறியுங்கள். 18 வோல்ட்டில் வரும் நகர்வு 9 வோல்ட்டில் வருவதைப் போல நான்கு மடங்கு இருந்தால், கருவி மின்விசையை உணர்கிறது, நீங்களும் அதைச் சரியாக அளக்கிறீர்கள் என்று பொருள். பிறகு திரையைப் போட்டு 90 வோல்ட் கொடுங்கள். கோல் அசையவில்லையா? நல்லது. அடுத்து எர்த் கம்பியால் கட்டியைத் தொடுங்கள். மிச்சமாக இருக்கக்கூடியது உலோகத்துக்கு உலோகம் வரும் வேறுபாடு, 0.3 வோல்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது 90 வோல்ட்டில் முந்நூறில் ஒரு பங்கு. விசையோ முந்நூறின் வர்க்கம், தொண்ணூறாயிரத்தில் ஒரு பங்கு. 90 வோல்ட்டிலேயே உங்கள் கண்ணுக்குப் படாதது, தொண்ணூறாயிரத்தில் ஒரு பங்காகச் சுருங்கியபின் கோலைத் திருப்பியிருக்க முடியாது. நண்பரிடம் எடுத்துச் செல்ல வேண்டிய எண் இதுதான்.

பேட்டரியை நேராக ஒருமுறை, முனைகளை மாற்றி ஒருமுறை என்று இரண்டு விதமாகவும் கொடுத்துப் பாருங்கள். இரண்டிலும் நகர்வு ஒரே அளவானால் வர்க்கக் கணக்கு செல்லும். ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் இருந்தால், கோலின் பக்கத்தில் எங்கோ நிலையான மின்னூட்டம் உட்கார்ந்திருக்கிறது, அல்லது இரு உலோகங்களுக்கும் இடையே நிலையான வேறுபாடு இருக்கிறது. நகர்வை வோல்ட்டுக்கு எதிராக வரைந்தால் கிண்ணம் போன்ற வளைவு கிடைக்கும். அதன் அடிப்புள்ளி சுழியத்தில் இல்லாமல் ஓரமாகத் தள்ளியிருக்கும். எவ்வளவு தள்ளியிருக்கிறதோ அதுதான் உங்கள் உலோகங்களின் இயல்பான வேறுபாடு. பெரிய ஆய்வகங்களிலும் வளைவு வரைவது இப்படித்தான். அந்த அடிப்புள்ளி வோல்ட்டையே கட்டிக்குக் கொடுத்து வேறுபாட்டை நேர் செய்துவிடவும் முடியும்.

முழுமையாக நேர் செய்ய முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். பளபளக்கும் உலோகத்தின் மேற்பரப்பு முழுதும் ஒரே மின்னழுத்தத்தில் இருப்பதில்லை. படிகங்கள் வெவ்வேறு திசையில் அமைந்திருப்பதாலும், அழுக்கும் வாயுவும் படிந்திருப்பதாலும், சிறு சிறு திட்டுகளாக மேடும் பள்ளமும் இருக்கும். ஒற்றை வோல்ட்டால் சராசரியை மட்டுமே நேர் செய்யலாம், திட்டுகள் அப்படியே நிற்கும். பரப்புகள் நெருங்க நெருங்க இதன் தொல்லை கூடும். சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் குழு ஈர்ப்பின் வர்க்க விதியை, அதாவது தூரம் இரட்டித்தால் ஈர்ப்பு நான்கில் ஒரு பங்காகும் என்பதை, மிகச் சிறு தூரங்களில் சோதிக்கிறது. 2020-இல் அவர்கள் வெளியிட்ட சோதனையில் தொங்கும் தட்டுக்கும் ஈர்க்கும் தட்டுக்கும் இடையே இருந்த குறைந்தபட்ச இடைவெளி 52 மைக்ரோமீட்டர், ஒரு தலைமுடியின் தடிமனுக்கும் குறைவு. அந்த இடைவெளிக்குள்ளும் ஒரு திரை! பெரிலியம் கலந்த செம்பால் ஆன மெல்லிய தாளை முரசுத் தோல்போல இழுத்துக் கட்டியிருந்தார்கள். நீங்கள் சுற்றிய அலுமினியத் தாளின் உறவினர்தான் அது. இப்படிப்பட்ட பரப்புகளுக்குத் தங்கம் பூசுவார்கள், ஏனென்றால் தங்கத்தின் மேல் ஆக்சைடு படியாது, திட்டுகளும் ஓரளவு அடங்கியிருக்கும்.

பொருள் சிறிதாகும்போது ஆபத்து எப்படிக் கூடுகிறது என்பதற்கு வியன்னா சோதனை நல்ல உதாரணம். 2021-இல் வெளியான அதில் இரண்டு மில்லிமீட்டர் விட்டமுள்ள தங்க உருண்டைகளுக்கு இடையிலான ஈர்ப்பை அளந்தார்கள், ஒவ்வொன்றும் சுமார் 90 மில்லிகிராம். மேலே ஈயத்துக்குப் போட்ட அதே கணக்கை இங்கே போட்டால், ஒவ்வோர் உருண்டையிலும் சுமார் 48,000 எலக்ட்ரான்கள் மிகுந்தாலே ஈர்ப்புக்குச் சமமான மின்விசை வந்துவிடும். 54 கோடி எங்கே, 48,000 எங்கே! வோல்ட்டில் சொன்னால் 0.07. ஆகவே அவர்கள் அயனியாக்கிய நைட்ரஜன் வாயுவைச் செலுத்தி மின்னூட்டத்தைக் கழித்தார்கள், நடுவே எர்த் செய்த உலோகத் திரையையும் வைத்தார்கள்.

மின்சாரத்தை விரோதியாக மட்டும் பார்க்கவும் கூடாது. சில கருவிகளில் அதுதான் அளவுகோல். ஈர்ப்பு கோலைத் திருப்ப முயலும்போது, தெரிந்த வோல்ட்டைக் கொடுத்து மின்விசையால் தடுத்து நிறுத்தி, எவ்வளவு வோல்ட் தேவைப்பட்டது என்பதிலிருந்து ஈர்ப்பைக் கணக்கிடுவார்கள். இதில் வோல்ட்டை விசையாக மாற்றும் கணக்கு தவறினால் எல்லாம் தவறும். ஜெர்மனியின் தேசிய அளவியல் நிறுவனம் 1995-இல் இந்த வழியில் வெளியிட்ட ஈர்ப்பு மாறிலி 6.7154×10⁻¹¹. மற்றவர்கள் கண்டதைவிட 0.6 விழுக்காடு அதிகம். நேர்மையான, கவனமான குழு அது. பிழை எங்கே என்று பல ஆண்டுகள் யாருக்கும் தெரியவில்லை. அதன் நிழலில், 1998-ஆம் ஆண்டுக்கான பன்னாட்டுப் பரிந்துரை மதிப்பின் நிச்சயமின்மையையே பத்து லட்சத்தில் 128 பங்கிலிருந்து 1,500 பங்காக உயர்த்த வேண்டியதாயிற்று. பின்னர் அவர்களே செய்த கூடுதல் ஆய்வு, மின்தேக்குத்திறனை அளந்த முறையில் சிக்கல் இருந்ததைக் காட்டியது. ஈர்ப்புச் சோதனையில் மின்சாரம் தந்த பாடங்களில் இதைவிடப் பெரியதை நான் அறியேன். பாரிஸ் அருகே உள்ள பன்னாட்டு எடை அளவு நிறுவனத்தார் ஒரே கருவியில் இரண்டு வழிகளை வைத்தார்கள்: ஒன்றில் கோலைத் திரும்பவிட்டு அளந்தார்கள், மற்றதில் மின்விசையால் நிறுத்தி அளந்தார்கள். இரண்டும் ஒத்துப்போனால் வோல்ட் கணக்கில் பெரிய ஓட்டை இல்லை என்று நம்பலாம்.

எது உறுதி, எது சந்தேகம் என்று பிரித்துச் சொல்ல வேண்டிய இடம் இது. உங்கள் அளவில், அதாவது கிலோக்கணக்கான ஈயம், சென்டிமீட்டர் இடைவெளி, சில விழுக்காடு துல்லியம் என்ற அளவில், மின்சாரத்தைக் கணக்கிலிருந்து நீக்குவது முழுக்க முடியும் என்பது உறுதி. துல்லியத்தின் உச்சியில் நிலைமை அப்படி இல்லை. 2018-இல் சீனாவின் வூகான் குழு இரண்டு முறைகளில் அளந்து 6.674184, 6.674484 என்று இரண்டு மதிப்புகளை வெளியிட்டது, இரண்டும் 10⁻¹¹-ஆல் பெருக்க வேண்டியவை. ஒவ்வொன்றின் நிச்சயமின்மையும் பத்து லட்சத்தில் சுமார் 12 பங்கு, இரண்டுக்கும் இடையிலான வித்தியாசமோ சுமார் 45 பங்கு. உலகின் நல்ல ஆய்வகங்கள் ஒன்றோடொன்று இதைவிடவும் விலகி நிற்கின்றன. அந்த விலகலில் மின்சாரத்துக்குப் பங்கு உண்டா, இழையின் நெகிழ்ச்சியா, உருண்டைகளின் அடர்த்தி சீராக இல்லாததா என்று இதுவரை யாரும் முடிவாகச் சொல்லவில்லை. விண்வெளியிலும் இதே கதை. ஐன்ஸ்டைனின் ஈர்ப்புக் கோட்பாட்டைச் சோதிக்க 2004-இல் ஏவப்பட்ட கிராவிட்டி ப்ரோப் பி விண்கலத்தில், சுழலும் உருண்டைகளுக்கும் அவற்றின் கூட்டுக்கும் மேலிருந்த மின்னழுத்தத் திட்டுகள் எதிர்பாராத முறுக்கைக் கொடுத்தன. அவற்றைக் கணக்கிட்டுக் கழிக்கவே பல ஆண்டுகள் ஆயின. 2011-இல் முடிவு வந்தபோது, பூமியின் சுழற்சி வெளியை இழுக்கும் விளைவில் நிச்சயமின்மை 19 விழுக்காடாக இருந்தது. இலக்கு வைத்திருந்தது ஒரு விழுக்காடு.

இந்தப் போராட்டத்தின் கடைசி எல்லை எது என்று கேட்டால் எலக்ட்ரானை விழவிட்டுப் பார்த்ததைச் சொல்வேன். 1967-இல் ஸ்டான்ஃபோர்டில் விட்போர்ன், ஃபேர்பேங்க் இருவரும் குளிரூட்டிய செம்புக் குழாய்க்குள் எலக்ட்ரான் ஈர்ப்பில் எப்படி நடந்துகொள்கிறது என்று அளந்தார்கள். எலக்ட்ரானின் எடையைத் தாங்கி நிறுத்த மீட்டருக்கு 5.6×10⁻¹¹ வோல்ட் புலம் போதும். குழாயின் உலோகத்துக்குள் இருக்கும் எலக்ட்ரான்களும் ஈர்ப்பால் சற்றே கீழே தொய்வதால், குழாயே கிட்டத்தட்ட அந்தப் புலத்தை உண்டாக்கும் என்று ஒரு கணிப்பு. அவர்கள் கண்டதும் அதுவே: எலக்ட்ரான் ஏறத்தாழ எடையே இல்லாததுபோல நடந்துகொண்டது. ஆனால் சாதாரண உலோகத் திட்டுகள் தரும் புலம் இதைவிடப் பல மடங்கு பெரிதாக இருந்திருக்க வேண்டும். அந்தக் குழாயில் மட்டும் அவை ஏன் அடங்கியிருந்தன என்பது விவாதமாகவே இருந்துவருகிறது.

உங்கள் கோலுக்குத் திரும்புகிறேன். நீங்கள் எழுதியதை மட்டும் வைத்து, அன்று திருப்பியது எது என்று என்னால் தீர்ப்புச் சொல்ல முடியாது. நைலான் இழையும் மரக்கோலும் இருந்தவரை மின்சாரத்துக்கு வாய்ப்பு நிறைய. ஆனால் நான் பந்தயம் கட்டினால் காற்றோட்டத்தின் மேல்தான் கட்டுவேன். கட்டியை நகர்த்தக் கை வைத்தீர்கள், உடல் சூடு பட்டது, காற்று எழுந்தது, கோல் நகர்ந்தது. கோலைச் சுற்றி மூடிய பெட்டி வேண்டும், கட்டிகள் முந்தைய இரவே அறையில் இருக்க வேண்டும், நீங்கள் அறைக்கு வெளியே இருக்க வேண்டும். காந்தத்துக்கு அலுமினியத் தாள் திரையே ஆகாது என்பதையும் நினைவில் வையுங்கள். இரும்பு ஆணி, எஃகுக் கொக்கி, ஸ்பீக்கர், மின்விசிறி மோட்டார் எதுவும் அருகில் வேண்டாம்.

கடைசியாக, எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்த சோதனை, இதற்கு உங்கள் நண்பரே வேண்டும். மூடியுள்ள ஒரே மாதிரியான இரண்டு அலுமினிய டப்பாக்கள் வாங்குங்கள். இரண்டையும் எர்த் செய்யுங்கள். மூடிய உலோக டப்பாவுக்கு வெளியே இருக்கும் மின்புலத்துக்கு உள்ளே என்ன இருக்கிறது என்பது தெரியாது, ஈர்ப்புக்கு அது மட்டும்தான் தெரியும். நண்பர் தினமும் இரவு உங்களுக்குச் சொல்லாமல் டப்பாக்களில் ஈயத்தை நிரப்பட்டும், அல்லது காலியாக விடட்டும். கட்டிகள் இருந்த இடத்தில் டப்பாக்களை அவரே வைத்து, அறையைப் பூட்டிவிட்டு, என்ன செய்தார் என்பதைத் தேதியோடு ஒரு தாளில் எழுதி உறையில் போட்டு ஒட்டட்டும். டப்பாக்களைத் தொடாமல், நீங்கள் காலையில் வெளியிலிருந்து கோலின் இடத்தைப் படித்து உங்கள் நோட்டில் எழுதுங்கள். பத்து நாள். பதினோராம் நாள் இருவரும் உட்கார்ந்து உறைகளைப் பிரித்துப் பாருங்கள்.